காகிதப்பூவுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

காகிதப்பூச் செடியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். தலையில் வைக்க முடியாது, சாமிக்கு ஆகாது, வாசனை மருந்துக்கும் கிடையாது. முள் மட்டும் தாராளமாக இருக்கும். வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிருந்த நேரம். சாங்கிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் குழாய் மாற்றப் போன என் வீட்டுக்காரர், சைக்கிளின் பின்னால் ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கறிவேப்பிலையா என்று கேட்டேன். காகிதப்பூ என்றார்.

"வேலையே வைக்காத செடி, பூவு. நட்டா நட்ட எடத்துல கெடக்கும்."

என் பெயர் பூவம்மா. அவர் பெயர் மருதப்பன். வாயால் சொல்வதில்லை, எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அவருக்குத் தண்ணீர் இலாகாவில் குழாய் வேலை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்பக்கம் இலாகா கட்டிக் கொடுத்திருந்த குவாட்டர்ஸில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண். வேலை இருக்கிறவரை வீடு இருக்கும். வேலை போனால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள்.

வேலையே வைக்காத அந்தச் செடிக்கு அவர் பார்த்த வேலையை எனக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு நாளும் பார்த்ததில்லை. தண்ணீர் இலாகாக்காரருக்கு அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி தண்ணீர்தான் போலிருக்கிறது. காலையில் பசியாறுவதற்கு முன் ஒரு வாளி ஊற்றுவார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு வாளி. மழை பெய்த நாளிலும் ஊற்றினார். கேட்டால், மழைத் தண்ணீரில் சத்துப் போதாது என்றார். செடியும் வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. கூரையைத் தொட்டது, ஜன்னலை மறைத்தது, கொடியில் காய்ந்த என் சேலைகளில் பாதியைக் கிழித்தது. எங்கு பார்த்தாலும் இலை. மூன்று வருடம் ஆகியும் பெயருக்கு ஒரு பூ இல்லை.

பக்கத்து வீட்டு அழகப்பன் அண்ணன் இலாகாவின் சாமான் ஸ்டோரில் கணக்கெழுதுகிறவர். தொட்டி தொட்டியாக ரோஜா வளர்த்தார். சாயங்காலமானால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வேலியோரம் வந்து நிற்பார். வாழைக்கு ஊற்றுவதுபோல் இவர் வாளி வாளியாக ஊற்றுவதைப் பார்த்து, "என்ன மருதப்பா, வாழை எப்பக் குலை தள்ளும்?" என்று கேட்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளே வந்து சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அழகப்பன் அண்ணனின் மனைவி மங்களக்கா கேலி பேச மாட்டார். அவருக்கு எந்நேரமும் சாமி நினைப்பு. விடியும் முன்னே குளித்துவிட்டுத் தட்டோடு கிளம்பி, யார் வீட்டில் நந்தியாவட்டை, யார் வீட்டில் செம்பருத்தி என்று பார்த்துப் பறித்துப் போவார். சாமிக்குப் பறிப்பது திருட்டில் சேராது என்பது அவர் கட்சி. அவர் எட்டிப் பார்க்காத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். காகிதப்பூவால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

அறுபத்து மூன்றாம் வருடம் மழை எங்களை மறந்துவிட்டது. ஏரிகளில் தரை தெரிகிறது என்று வானொலியில் சொன்னார்கள். பிறகு பங்கீடு வந்தது. முறைவைத்து ஒவ்வொரு பேட்டையிலும் குழாயை அடைத்தார்கள். எங்கள் முறை வருவதற்குள் குண்டான், சட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைப்போம். தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, கார் கழுவக் கூடாது என்று உத்தரவு. மீறுகிறவர்களைப் பிடிக்க இலாகா ஆட்களைச் சைக்கிளில் அனுப்பியது. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

அதன்பிறகு அவரோடு குடித்தனம் செய்வது சாதாரணக் காரியமாக இல்லை. அரிசியை இரண்டாம் முறை களைந்தால் பின்னால் நின்று பார்ப்பார். பிள்ளைகள் கால் கழுவினால் போதும் போதும் என்பார். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், அழகப்பன் அண்ணன் ரோஜாத் தொட்டிகளுக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்துவிட்டார். பக்கத்து வீடாயிற்றே என்று கண்டும் காணாமல் உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. மேலிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார், மறுநாள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அண்ணனுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். ரோஜாக்கள் காய்ந்து குச்சியாயின. வேலியோரப் பேச்சும் அத்தோடு நின்றது.

ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளவில்லை. உத்தரவு வந்த அன்றே வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட அங்கே ஊற்றவிடவில்லை. பார்க்கிறவர்களுக்கு நல்ல தண்ணீர், கழுவின தண்ணீர் என்று வித்தியாசம் தெரியுமா என்றார். செடியைக் கடந்து போகும்போது அதன் முகத்தைப் பார்க்காமல் போவார். இலைகள் சுருண்டு உதிர்ந்தன. அவருக்குத் துக்கம். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தேக்கா சந்தையில் கறிவேப்பிலைக் கன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

கன்று வந்து சேர்வதற்குள் அந்தச் செடி பூத்துவிட்டது.

பூத்தது என்று சும்மா சொன்னால் போதாது. இலை உதிர்ந்த ஒவ்வொரு கணுவிலும் செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாகக் கிளம்பி, ஒரு வாரத்தில் எங்கள் வீட்டு முகப்பே தெரியாமல் மூடிவிட்டது. வரிசை முழுக்க மண்ணும் சருகுமாகக் கிடக்க, நடுவில் எங்கள் வீடு மட்டும் கல்யாண வீடாக நின்றது. என் வீட்டுக்காரர் பொழுது விடிந்ததும் வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பார். மூன்று வருடம் சேர்த்துவைத்த சிரிப்பையெல்லாம் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு குறைவு. ஊர் முழுக்கச் செடி காயும்போது தண்ணீர் இலாகாக்காரன் வீட்டில் மட்டும் பூக்கிறதென்றால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது. தேக்கா பாசாரில் கீரை விற்கிற பெண், உங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் எந்நேரமும் வருமாமே என்று என்னிடமே கேட்டாள். அவர் கார் கழுவுகிறவர்களைப் பிடித்தால், போய் உன் பூவுக்கு ஊற்று என்றார்கள். ஒரு செடியும் தண்ணீர் இல்லாமல் பூக்காது என்று அழகப்பன் அண்ணன் வரிசை கேட்கச் சொன்னார். மேலிடத்திலும் போய்ச் சொன்னார்.

இராஜசிங்கம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இலாகாவில் பெரிய அதிகாரி. வெள்ளைக் கால்சட்டையும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த சப்பாத்துமாக வந்து, குனிந்து செடியடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். மண் தூளாக உதிர்ந்தது. பிறகு நிமிர்ந்து பூக்களைப் பார்த்தார். அதற்கு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

"நான் உம்மை நம்புறன், மருதப்பன். ஆனா உம்மடை பூவை ஆர் நம்பப்போகினம்?"

இனிமேல் அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் என்றார். ஒரு தடவை ஈரம் கண்டாலும் வேலை போய்விடும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபம் இல்லை.

செடியை வெட்டிப் போடுங்கள் என்றேன். வெட்டினால் களவை மறைத்தான் என்பார்கள் என்றார். அதுவா காரணம்? அவருக்கு மனசு வரவில்லை. மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது என்று அழுதேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர் கடைசியில், "வெட்டிடு. நான் வேலைக்குப் போன பொறவு வெட்டு" என்றார்.

மறுநாள் அவர் சைக்கிள் தெருக்கோடியில் திரும்பியதும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடிமரத்தைப் பார்த்துக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மண் ஈரமாக இருந்தது. வேரைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்கு நல்ல ஈரம். வரிசைக்கோடி வேப்பமரத்திலிருந்து காற்றில் வந்து விழுந்ததோ என்னவோ, அதன்மேல் நாலு வேப்பிலையும் ஒட்டிக்கிடந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரையெல்லாம் ஏமாற்றிவிட்டு, என்னையும் ஏமாற்றிவிட்டு, இருட்டோடு எழுந்து ஊற்றுகிறாரே இந்த மனிதர். இப்போது வெட்டினால் அந்த ஈரம்தான் முதலில் எல்லார் கண்ணிலும் படும். அடுப்புச் சாம்பலையும் காய்ந்த மண்ணையும் அள்ளிக் கொட்டி மூடினேன். சாயங்காலம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தார். செடி நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. சாம்பலைப் பார்த்தார், காலால் தள்ளினார், ஈரத்தைக் கண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீ எம்மேல உள்ள பாசத்துலதான் ஊத்தியிருக்கே, எனக்குத் தெரியுது. ஆனா வேலை போயிடுமே, பூவு."

இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து அப்படி நான் சிரித்ததில்லை. அந்த முள்ளுக்குப் பாசத்தோடு தண்ணீர் ஊற்றுகிறவள் நானா? பிள்ளைகள்மேல் சத்தியம் செய்யச் சொன்னேன், செய்தார். என்னையும் செய்யச் சொன்னார், செய்தேன். அவரும் இல்லை, நானும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழகப்பன் அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பினோம். எங்களை மாட்டிவைக்க அவரே ஊற்றுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தன் வீட்டில் குளிக்கக்கூடத் தண்ணீர் தங்குவதில்லை என்று அவர் சில நாட்களாகப் பங்கீட்டைத் திட்டிக்கொண்டிருந்ததும், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனதும் எனக்கு நினைவுக்கு வந்தன. வீட்டுத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

மறுநாள் கிழக்கு வெளுப்பதற்குள் நான் துடைப்பத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் குந்தியிருந்தார். போர்வைக்குக் கீழே அவர் கால்கள் நன்றாகத் தெரிந்தன, சொல்லியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக் காய்ந்த ரோஜாத் தொட்டிகளுக்குப் பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று அழகப்பன் அண்ணன். இன்னொன்று இராஜசிங்கம் ஐயா. நான் சாம்பலால் மூடியதை அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஈரம் காய்வதற்குள் கையும் களவுமாகப் பிடித்துத் தருவதாகச் சொல்லி ஐயாவை விடியும் முன்னே வரவழைத்திருக்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊற்ற வேண்டிய ஆள் அங்கே ஒளிந்திருந்தால் இங்கே யார் ஊற்றப்போகிறார்கள்?

அப்போது அழகப்பன் அண்ணன் வீட்டுக் கதவு திறந்தது. மங்களக்கா வந்தார். தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலை நுனியில் முடிந்திருந்தார். ஒரு கையில் பித்தளைச் செம்பு, இன்னொரு கையில் வேப்பிலையும் சூடமும் வைத்த தட்டு. யாரையும் பார்க்காமல் நேராக எங்கள் செடியடிக்கு வந்து, செம்புத் தண்ணீரை வேரில் நிதானமாக ஊற்றினார். வேப்பிலையைச் சாத்தினார். சூடத்தை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மங்களம்" என்று ஒரு குரல் வந்தது. அழகப்பன் அண்ணன் குரல்தான்.

மங்களக்கா பதறவில்லை. கண்ணைத் திறந்து எங்கள் நான்கு பேரையும் பார்த்து, நீங்களும் கும்பிட வந்தீங்களா என்றார். நானும் துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஊரில் ஒரு பூ இல்லை, சாமி படம் வெறுமையாகக் கிடக்கிறது. மூன்று வருடம் பூக்காத செடி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இப்படிச் சிவந்து நிற்கிறதென்றால் அது செடியா? மாரியம்மன் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வந்தவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மழை கொடு என்று எந்த வாயால் கேட்பது? அதனால்தான் வீட்டுக்காரர் குளிக்க வைத்திருந்த தண்ணீரில் தினமும் எடுத்து ஊற்றினாராம்.

இராஜசிங்கம் ஐயா அழகப்பன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டில் அழுக்கு வந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. அப்படியானால் பூத்தது தன் வீட்டுத் தண்ணீரில்தான், இல்லையென்றால் மருதப்பன் ஊற்றியிருக்கிறான், தண்ணீர் இல்லாமல் பூக்குமா என்று ஐயாவைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் போர்வைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அதிகாரி முன்னால் பெண்பிள்ளை பேசுவதா என்பதெல்லாம் அப்புறம். வீடு என்னுடையது.

"ஐயா, மூணு வருஷம் இவரு ரெண்டு வேளையும் வாளி வாளியா ஊத்துனாரு. ஒரு பூ இல்ல. வாழை எப்பக் குலை தள்ளும்னு அண்ணன்தான் தெனம் வந்து சிரிச்சாரு. ஊத்துறத நிறுத்துனாரு, பூத்துடுச்சு. எனக்கு வேற சாட்சி வேணாம், அண்ணன் சிரிச்ச சிரிப்பே போதும்."

வரிசையில் எல்லாக் கதவுகளும் எப்போதோ திறந்திருந்தன. சிரித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஆமாம் ஐயா, நாங்களும் சிரித்தோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மங்களக்கா தன் பங்குக்கு, பூத்த பிறகுதான் ஊற்ற ஆரம்பித்தேன், ஊற்றிய நாளிலிருந்து அம்மன் பூவை உதிர்க்கிறாள், என்ன குறையோ என்று வருத்தப்பட்டார். ஐயா குனிந்து பார்த்தார். கீழே பூ கொட்டிக் கிடந்தது. அடிக்கிளைகளில் புதிதாகப் பச்சை இலை விட்டிருந்தது.

செடியடியில் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் தான் சப்பாத்தோடு நிற்பதை ஐயா அப்போதுதான் கவனித்தார். இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். சூடம் அணையும் மட்டும் கைகட்டி நின்றார்.

"கேசு முடிஞ்சுது. மருதப்பன், நீர் வேலைக்குப் போம்" என்றார். அழகப்பன் அண்ணனிடம், "நீர் குளிச்சுப்போட்டு வாரும்" என்றார்.

நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். துடைப்பம் இன்னும் கையில்தான் இருந்தது. பிழைத்த பிறகு வருகிற அழுகைக்கு வெட்கம் கிடையாது.

அதோடு முடிந்ததா? இல்லை. வரிசைப் பெண்கள் ஆளுக்கொரு செம்போடு வரத் தொடங்கினார்கள். தண்ணீரை வீணாக்குகிறவர்களைப் பிடிக்கிற மனிதர், தன் வீட்டு வாசலிலேயே நின்று, அம்மனுக்கு மஞ்சளும் குங்குமமும் போதும், தண்ணீர் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மன் தாகத்தோடு இருப்பாளா என்று மங்களக்கா அவரையே அதட்டினார். கடைசியில் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து மூன்று சொட்டுத் தெளிப்பது என்று சமாதானம் ஆனது. மீதித் தண்ணீர் அழகப்பன் அண்ணன் குளிக்க என்றும் பேசி முடித்தார்கள். அண்ணன் மறுபடி வேலியோரம் வர ஆரம்பித்தார். வாழையைப் பற்றி மட்டும் பேசவில்லை. செடியும் உதிர்த்ததையெல்லாம் திரும்பப் பூத்தது.

ஒரு பிற்பகல் திடீரென்று வானம் இருண்டது. நாங்கள் நம்பவில்லை. பிறகு கொட்டியது பாருங்கள், கூரைத் தகரம் பிய்ந்துவிடும் போல. குண்டானும் வாளியுமாக வரிசையே தெருவில் இறங்கிவிட்டது. பிள்ளைகள் சேற்றில் உருண்டார்கள். மங்களக்கா நனைந்துகொண்டே கையெடுத்துக் கும்பிட்டு, நான் சொன்னேன் இல்லையா, நான் சொன்னேன் இல்லையா என்றார். அழகப்பன் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெரு நடுவில் சோப்புப் போட்டுக் குளித்தார்.

என் வீட்டுக்காரரைக் காணவில்லை. தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தண்ணீர் இலாகாவில் சம்பளம் வாங்குகிற மனிதர், ஊரே ஏங்கிக் கிடந்த மழையில், மேசைமேல் விரித்திருந்த எண்ணெய்த்துணியை உருவி வந்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் செடிக்கு மேலே நின்றார். துணி போதவில்லை. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சரிந்தது. தண்ணீர் அவர் முகத்தில் வழிந்தது.

"நனைஞ்சா பூக்காது, பூவு" என்றார்.

நான் என்ன செய்ய? காகிதப்பூச் செடியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. முள் என் தோளைக் கீறியது, சேலை மறுபடி கிழிந்தது. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மழை விடுகிறவரை நானும் நின்றேன்.